காது வாக்கியம்

ஜூன் 10, செவ்வாய்

காற்று இன்று எண்ணூர் பக்கத்திலிருந்து, கரித்தூளோடு. காலையில் துடைத்த ஜன்னல் கட்டை சாயங்காலத்துக்குள் கறுப்பு. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இன்னா கலர்ல வாங்குனது?" என்றார் இவர். துவைப்பது நான், கேள்வி கேட்பது மட்டும் இவர்.

நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் கூட்டம். கன்டெய்னர் லாரி வரிசை கேட்டைத் தாண்டி மெயின் ரோடு வரை. வேலை முடிந்ததும் திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, நிர்மலாவும் நானும் வண்ணாரப்பேட்டைக்கு இங்கிலீஷ் வகுப்பு. தையல் கடைக்கு மேல் மாடி. படி செங்குத்து. பாதியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தேன். வாரில் ஒன்றும் இல்லை.

ஷமீம் டீச்சருக்கு எங்களைவிட வயது ரொம்பக் கம்மி, மிரட்டல் ரொம்ப அதிகம். இன்றைய பாடம் போரிங், போர்ட். ஒரு பொருளோ ஆளோ நம்மை என்னவோ பண்ணினால் அதற்கு 'இங்'. அது நமக்கு ஆகிப்போனால் நமக்கு 'எட்'. படம் போரிங். பார்த்தவள் போர்ட். சுலபம்தான், வாயைத் திறக்கும் வரை.

நிர்மலா எழுந்து நின்று, "ஐ ஆம் வெரி போரிங்" என்றாள்.

டீச்சர்: "அப்டின்னா நீங்கதான் அறுவைன்னு அர்த்தம்க்கா."

"அது கரீட்டுதான் டீச்சர். எங்க வூட்டுக்காரரும் அதான் சொல்றாரு."

வகுப்பே சிரித்தது. இவளோடு வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரே மேசை, ஒரே டிபன் டப்பா. கேட் ஆபீசில் உள்ளே வரும் பெட்டிகளை நான் கம்ப்யூட்டரில் பதிவேன், வெளியே போகிறதை அவள். இந்த வகுப்புக்குக்கூட எனக்குத் துணையாகத்தான் வருகிறாள். "எனக்கு இன்னாத்துக்குடி இங்கிலீஷு. நீ தனியா போவியேன்னு வரேன்."

டீச்சரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. புதுச் சொல் வந்ததும் ஆளாளுக்குத் தன் ஜோடியின் காதில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்லச் சொன்னால் பொம்பளைங்க வாயே திறக்கிறதில்லையாம், காதில் என்றால் வந்துவிடுகிறதாம். நிபந்தனை ஒன்றுதான். வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். "பொய் சொன்னா மண்டைல நிக்காதுக்கா. நெஜமா நடந்தத சொல்லுங்க. காதுல சொன்னது காதோட." இதற்குக் காது வாக்கியம் என்று பேர்.

நான் நி. காதில்: மை ஹஸ்பண்ட் இஸ் இரிட்டேட்டிங். (வெள்ளைச் சட்டை.) அவள் என் காதில்: மை மாமியார் இஸ் இரிட்டேட்டிங். மாமியாருக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று தெரியவில்லை என்றாள். இரிட்டேட்டிங் மட்டும் தெரிகிறது.

ஜூன் 12, வியாழன்

வெயில். கேட் ஆபீஸ் ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை, தூசி மட்டும் வருகிறது.

வாங்க வேண்டியது: இஞ்சி. இவருக்கு ஷேவிங் பிளேடு. மளிகைக் கடையில் விட்டுவந்த குடை. மூச்சு மருந்து (ராயபுரம் கடையில் வேண்டாம், தெரிந்த முகங்கள். தண்டையார்பேட்டையில்).

மருந்தை டிபன் பைக்கு அடியில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தூசியில் இருக்கும்வரை இழுப்பு விடாது. யார்டில் சொல்ல முடியுமா? போன மழைக்காலத்தில் எடைமேடையில் லாரி எடை போடும் துரை அண்ணன் இரண்டு மாதம் இருமினார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. காண்டிராக்ட் ஆட்களுக்கு உடம்பு என்பதே இருக்கக்கூடாது. வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார்.

ஆனால் இன்று ஒரு சேதி. ஹெட் ஆபீசில் ஒரு டெஸ்க் காலியாகிறது. ராயபுரத்தில், துறைமுக வாசலுக்கு எதிர் மாடி. ஏசி. திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னலாம். கேட்கும்போதே நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. கப்பல் கம்பெனிக்காரர்களோடு போனில் இங்கிலீஷ் பேச வேண்டும். கேட் ஆபீசிலிருந்து ஒருவரை அனுப்பப் போகிறார்கள். அடுத்த வியாழன் மேனேஜர் கூப்பிட்டுப் பேசுவார். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எனக்கு அது வேண்டும். இத்தனை ஆசையாக நான் எதையும் கேட்டதில்லை.

நி. சொன்னாள்: "உனக்குத்தான்டி அது. எனக்கு வாணாம்பா, அந்த ஏசில எனக்கு ஜல்ப்பு புடிச்சிக்கும்."

இன்னொன்று. தினமும் நான் தட்டுகிற சொற்களெல்லாம் செவ்வாய்க்கிழமை பாடம்தான் என்று இன்றுதான் உறைத்தது. லோடட். சீல்டு. டேமேஜ்டு. எண்ணெய் ஒழுகும் டேங்க் என்றால் லீக்கிங். இத்தனை வருடமாக 'எட்' தட்டித் தட்டி அது 'எட்' என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். ஒன்றுதான் இடிக்கிறது. காணாமல் போன பெட்டிக்கு மிஸ்ஸிங் என்கிறோம். அதைப் பெட்டியா பண்ணியது? டீச்சரைக் கேட்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். விடியற்காலைப் பூசைக்குப் போய் மந்திரித்த ரொட்டி வாங்கிவந்தேன். வழக்கமாகத் தொலைந்ததைத்தான் அவரிடம் கேட்போம். இன்று கைக்கு வராத ஒன்றைக் கேட்டேன். டெஸ்க்.

ரொட்டியில் பாதி நி.க்கு. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள். அவளும் எனக்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள்.

மத்தியானம் கேன்டீனுக்கு நடக்கும்போது எடைமேடை பக்கத்தில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. வழக்கம்போல் போனைக் காதில் வைத்து நின்றேன். "ம்... ஆமா... சரி..." தாண்டிப் போன இரண்டு கிளீனர் பையன்கள்: "அக்கா எப்பப் பாரு பிஸி." ஆமாம், பிஸிதான்.

ஜூன் 14, சனி

எழுதக் கை பரபரக்கிறது. மனசு லேசு.

மிஸ்ஸிங் பற்றிக் கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசித்து, "அது அப்டித்தான்க்கா. எல்லாத்துக்கும் நியாயம் கேக்கக்கூடாது" என்றார். பக்கத்து பெஞ்சு: "என் புருசன் மாதிரியே பேசுது இந்தப் பொண்ணு."

இன்றைய சொல் ஃப்ரைட்டனிங், ஃப்ரைட்டண்டு. பயமுறுத்துவது, பயந்துபோனது. நி. முதலில் என் காதில் சொன்னாள். அவள் பையன் பைக் ஓட்டுவது ஃப்ரைட்டனிங்காம். சரி. என் முறை. பல்லியைச் சொல்லலாம் என்றுதான் குனிந்தேன். வாய் வேறு சொன்னது. மை பிரீதிங் இஸ் ஃப்ரைட்டனிங். ஐ ஆம் ஃப்ரைட்டண்டு.

அவள் திரும்பி முகத்தைப் பார்த்தாள். அப்புறம் இங்கிலீஷ் போதவில்லை, தமிழில் கொட்டிவிட்டேன், காதிலேயே. இழுப்பு, டாக்டர், கைக்குட்டை மருந்து, படியில் செருப்பு வார். "எடைமேடைகிட்ட போன்ல பேசிகினு நிப்பேன்ல? லைன்ல ஆளே இருக்க மாட்டாங்கடி. மூச்சு வாங்கிகினு நிக்கிறேன். அந்த டெஸ்க்கு கெடைச்சா தப்பிச்சிடுவேன்."

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "அடிப்பாவி, தினம் ஒண்ணா துன்றோம், எங்கிட்டகூட சொல்லல பாரு. யாராண்டயும் மூச்சு வுட மாட்டேன், போதுமா?"

டீச்சர் மேசையைத் தட்டி, "ஒரு வாக்கியம்தான்க்கா, கதை இல்ல" என்றார்.

கீழே இறங்கும்போது படியில் நிற்கவில்லை. ஒருவரிடம் சொன்னாலே பாதி நோய் போய்விடுகிறது போல.

ஜூன் 17, செவ்வாய்

புழுக்கம். மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டு ஏமாற்றிவிட்டது.

நி. இன்று வகுப்புக்கு வரவில்லை. மாமியாருக்கு முடியவில்லையாம். மத்தியானம் மேனேஜர் ரூமிலிருந்து வெளியே வந்தாள். இன்னா விசயம் என்றேன். "லீவு கேட்டன்டி." டிபன் பாதியில் மூடிவிட்டாள். என் எலுமிச்சை சாதத்தைத் தொடவில்லை. பாவம், மாமியார் கவலை.

ஜோடி இல்லாததால் நான் டீச்சர் காதில் சொன்னேன்: ஐ ஆம் எக்சைட்டட் அபௌட் தர்ஸ்டே. தப்பே இல்லை என்றார். சனிக்கிழமை கடைசி வகுப்பு. அன்று காதில் இல்லை, எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அவரவர் ஜோடியைப் பற்றி. அன்றும் உண்மை மட்டும்தான்.

வரும் வழியில் பரோட்டாக் கடை போர்டு: பாயில் முட்டை, ஃப்ரை மீன். பாயில்டு, ஃப்ரைடு என்று மனசு தானாகத் திருத்துகிறது. முட்டை பாவம், வேகவைக்கப்பட்டது அது.

இவர் காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் கொண்டுவந்தார். வறுக்கும்போது புகை. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். "இன்னா மூச்சு இப்டி வாங்குது?" என்றார். மிளகாய் நெடி என்றேன்.

ஜூன் 19, வியாழன்

நீலப் புடவை. ஆட்டோவில் வாய்க்குள்ளேயே ஒத்திகை.

மேனேஜர் சார் இங்கிலீஷில் ஆரம்பித்தார். வேலை என்ன, எத்தனை வருடம், கஸ்டமர் கோபப்பட்டால் என்ன செய்வேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் திஸ் ஜாப் சார். இன்ட்ரஸ்டிங் என்று சொல்லவில்லை. அவர் தலையாட்டினார். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அப்புறம் பேனாவை மூடி வைத்தார். தமிழுக்கு மாறினார்.

"இங்கிலீஷ் பரவாயில்ல, நல்லாவே வந்திருக்கு. உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"எடைமேடைகிட்ட போன்ல பேசுற மாதிரி நின்னு மூச்சு வாங்குறீங்களாமே. லைன்ல யாரும் இருக்க மாட்டாங்களாமே."

காது அடைத்துக்கொண்டது. அவர் என்னவோ சொல்லிக்கொண்டே போனார். ஹெட் ஆபீசில் அடிக்கடி லீவு போடுகிற ஆளை வைக்க முடியாதாம். கேட்டில் தொடர்வதற்கே டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவர வேண்டுமாம். பார்த்துச் செய்யலாமாம். என் நல்லதுக்குத்தான் சொல்கிறாராம்.

தூசியால் வந்த நோய். தூசியை விட்டுப் போகத்தான் டெஸ்க் கேட்டேன். நோய் இருக்கிறது, அதனால் தூசியிலேயே இரு என்கிறார். இல்லாவிட்டால் துரை அண்ணன் மாதிரி ரெஸ்ட்.

லைனில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். டாக்டருக்குக்கூடத் தெரியாது. புருசனுக்குத் தெரியாது. ஒரே ஒரு காதில் சொன்னேன்.

இல்லை, அவளாக இருக்காது. வேறு யாராவது பார்த்திருப்பார்கள்.

யார் பார்க்க முடியும்? ஆள் இல்லாத லைனை எப்படிப் பார்ப்பது?

ஜூன் 20, வெள்ளி

அவள்தான். டெஸ்க்கும் அவளுக்குத்தான். காலையிலேயே யார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. "நிர்மலாக்கா ஏசிக்குப் போவுது, ட்ரீட்டு எப்போ?"

கேன்டீன் பின்னாடி, பாத்திரம் கழுவுகிற இடத்தில் பிடித்தேன்.

"மேனேஜராண்ட நீதான் சொன்னியா?"

முதலில் இல்லை என்றாள். அப்புறம், "உன் நல்லதுக்குத்தான் சொன்னன்டி. நீ பாட்டுக்கு எங்கனா வுழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றது?"

"சொல்லிட்டு நீ ஏன்டி அங்க போய் குந்துற?"

"அவரா குடுத்தாரு. வாணாம்னா சொல்ல முடியும்?"

"ஏசில ஜல்ப்பு புடிக்கும்னியே."

குழாய் திறந்தபடியே கிடந்தது. யாரும் மூடவில்லை. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நானும் அதே கேட்லதான கீறேன். கறுப்புக் கறுப்பா துப்பிகினு கீறேன். எனக்கு மட்டும் வெளிய போவணும்னு இருக்காதா? நீ உன் கஷ்டத்தை என் காதுல சொல்லிட்ட. நான் யாரு காதுல சொல்றது?"

"என் காதுல சொல்லியிருக்கணும். பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்."

எனக்கு இழுப்பு வந்துவிட்டது, அவள் முன்னாலேயே. முதுகைத் தடவ வந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

அவளுக்கு டெஸ்க் வேண்டும் என்றால் கேட்டிருக்கலாம். போட்டி போட்டிருக்கலாம். ஜெயித்திருந்தால் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு மூன்றாம் நாள் டிபன் பகிர்ந்திருப்பேன். கழுத்தை அறுக்க என் கத்தியையே எடுத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. பாதி ரொட்டி கொடுத்தேனே என்று சின்னப்பிள்ளை மாதிரி அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் துரோகத்துக்கு இங்கிலீஷ் தேடினேன். பிட்ரே. அதற்கும் 'இங்' இருக்கிறது, 'எட்' இருக்கிறது. எனக்கு 'எட்'.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் முடியவில்லை. டெஸ்க்கைப் பற்றியோ நிர்மலாவைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "எங்கிட்ட சொல்லாம அவகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். மீன் நெடி, மிளகாய் நெடி என்று நான் விட்ட கதையெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

ஜூன் 21, சனி

எழுந்தபோது எண்ணூர் பக்க ஜன்னல் சாத்தியிருந்தது. இவர் சாத்தியது. காலையிலேயே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். வெளியே உட்காரச் சொன்னேன், கேட்காமல் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சர்ட்டிபிகேட் வாங்கியாச்சு. வேலை செய்யலாம், தூசி இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை மேனேஜர் எப்படிப் படிப்பாரோ.

சாயங்காலம் கடைசி வகுப்பு. போக வேண்டாம் என்று மூன்று தடவை முடிவு பண்ணினேன். நான் ஏன் போகாமல் இருக்க வேண்டும்? தப்புப் பண்ணியது நானா? படியில் பாதியில் நின்றேன். வாரைத் தொடவில்லை. சும்மா நின்றேன்.

நி. எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். வகுப்புக்கே மைசூர்பாக் கொண்டுவந்திருந்தாள், புது வேலைக்காக. டப்பா என்னிடம் வந்தது. பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளினேன்.

ஒவ்வொரு ஜோடியாக எழுந்து, எதிரெதிரே நின்று, சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆட்டோவில் வரும்போதே நான் தயார் பண்ணியிருந்தேன். நிர்மலா இஸ் எ சீட்டிங் உமன். ஐ ஆம் எ சீட்டட் உமன். ஏமாற்றியவள் அவள், ஏமாந்தவள் நான். ஒரு தப்பு கிடையாது. சொன்னால் ஷமீம் டீச்சர் எழுந்து நிற்பார், வகுப்பு வாயைப் பிளக்கும், மைசூர்பாக் எல்லார் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும். அந்தக் காட்சியை ஆசை தீரப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் முறை. அவள் முதலில். "ஜெஸி இஸ் எ லவ்விங் ஃப்ரெண்ட்." அன்பான தோழியாம் நான். அதில் பொய் இல்லை, அது அவளுக்கும் தெரியும்.

என் முறை. அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்லப் போகிறேன் என்று தெரிந்து நின்றாள், அடி வாங்கத் தயாராக. அடித்தால் கணக்கு நேராகிவிடும் அவளுக்கு. அழுவாள், நாலு பேர் சமாதானம் சொல்வார்கள், திங்கட்கிழமை நிம்மதியாக ஏசியில் போய் உட்காருவாள்.

"நிர்மலா இஸ் எ கேரிங் ஃப்ரெண்ட்" என்றேன். சத்தமாக, தெளிவாக. என் மேல் அக்கறை உள்ள தோழி.

டீச்சர்: "கரெக்ட். சூப்பர் சென்டென்ஸ்க்கா. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். இத்தனை நாள் வகுப்பில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அது பொய் என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவள் கை தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, புடவைத் தலைப்பால் டப்பா மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கீழே இறங்கி வந்து, "ஜெஸி" என்று கூப்பிட்டாள். ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிவிட்டேன். அழுகை ராயபுரம் நெருங்கும்போதுதான் வந்தது.

ஜூன் 23, திங்கள்

விடியற்காலை நல்ல மழை. யார்டில் தூசி அடங்கி ஒரே சேறு.

பக்கத்து நாற்காலி காலி. அவள் பெட்டிகளையும் நான்தான் பதிகிறேன். இன்னும் ஆள் போடவில்லை. சர்ட்டிபிகேட்டை மேனேஜர் ரூமில் கொடுத்தாயிற்று. படித்துவிட்டு, பார்க்கலாம் என்றார். என்னையும் ரெஸ்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்.

மத்தியானம் கேன்டீனுக்குத் தனியாக. எடைமேடை பக்கத்தில் நெஞ்சு பிடித்தது. பழக்கத்தில் கை போனுக்குப் போனது. காது வரை கொண்டுபோனேன். லைனில் ஆள் இல்லை என்பது மேனேஜர் ரூமிலிருந்து பரவி இப்போது எல்லாருக்கும் தெரியும். பையில் போட்டுவிட்டு, கைக்குட்டையைப் பிரித்து மருந்தை எடுத்து, நடுவழியில் நின்று இழுத்தேன்.

வரிசையில் உறுமிக்கொண்டு நின்ற லாரியிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

"மூச்சு வாங்குதுபா" என்றேன்.

இன்ஜினை அணைத்தார்.